கழிவு போக மீதி தங்கபுஷ்பம்

வீட்டுக்கு அட்வான்ஸாக என் மனைவி தங்கபுஷ்பத்தைக் கொடுத்திருந்தோம். எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். அடுத்த வீட்டுக்காரர் தன் தூக்கத்தைக் கொடுத்திருந்தார். நான் விவரமான ஆள். தூக்கத்தைக் கொடுக்கவில்லை.

அவள் மாடியில் வீட்டுக்காரரிடம் இருந்தாள். நான் கீழே குடியிருந்தேன். அவள் வைக்கும் குழம்பின் வாசனை மட்டும் இறங்கி வரும்.

என் கடை வேறு ஊருக்கு மாறியது. ஒப்பந்தம் முடியப் பாதிக் காலம் இருந்தது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போகலாம், அட்வான்ஸ் முழுதாகத் திரும்பும் என்று அதில் எழுதியிருந்தது. கொடுத்தேன். மாதம் முடிந்ததும் மாடி ஏறினேன்.

என் நோட்டீஸ் கிளிக்கூண்டில் இருந்தது. "காலி பண்றேன், காலி பண்றேன்" என்றது.

"நோட்டீஸ் கிடைச்சுதுல்ல அண்ணாச்சி?"

"கிடைச்சுது. மிளகாப்பழம் தின்னே கொழுத்துப்போச்சு" என்றார் வீட்டுக்காரர் வைகுண்டமணி.

"அப்ப அட்வான்ஸ்?"

"யாரு இல்லேன்னா? கழிவு போக எடுத்துக்கிடுங்க."

தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டார். வந்தாள். தலை முழுக்க வெள்ளை.

"பெயின்ட் செலவு. கறுப்பைக் கழிச்சிட்டேன்."

"சுவரு நான் வரும்போதே அழுக்கு."

"ஆணி அடிச்சிருக்கீங்க. அதுக்குச் சிரிப்பு."

"ஒரே ஒரு ஆணி! காலண்டர் மாட்ட!"

"ஆணி ஒண்ணுதான். சுவரு பெருசுல்லா."

அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டாள்.

"இதெல்லாம் சேதாரம். பாதியில போறதுக்குத் தனி" என்றார். "வலது கை."

"கையா? வியாபாரம் தெரிஞ்சவரு பேசுற பேச்சா இது? சுண்டுவிரலை எடுத்துக்கிடுங்க."

"ஒரு விரலும் கிடையாது. ஒப்பந்தத்துல இல்ல" என்றாள் தங்கபுஷ்பம்.

"நீ சும்மா இரு. பேசிக்கிட்டிருக்கோம்ல."

அவர் பேரத்தில் இறங்கி வந்தார். மணிக்கட்டு. உள்ளங்கை. கட்டைவிரல். மோதிர விரலில் நின்றுவிட்டார். நான் சுண்டுவிரலை விட்டு அசையவில்லை.

நான் சந்தையில் வளர்ந்தவன். இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று என் கால்களுக்கே தெரியும். சரக்கை மட்டம் தட்ட வேண்டும். திரும்பி நடக்க வேண்டும். வாசல் தாண்டுமுன் கூப்பிட்டுவிடுவார்கள்.

"தலையும் நரைச்சாச்சு, சிரிப்பும் போயாச்சு. இதைக் கொண்டுபோய் என்ன பண்ண? நீங்களே வச்சுக்கிடுங்க."

படி இறங்கினேன். இறங்க இறங்கப் படிகள் கூடின. நல்லதுதான். கூப்பிட அவகாசம் வேண்டும்.

"என்னம்மா, கூப்பிட்டுருவமா? சுண்டுவிரலுக்கே முடிச்சிருவம்" என்று மேலே வைகுண்டமணி கேட்டது காதில் விழுந்தது.

"கூப்பிடாதீங்க" என்றாள் தங்கபுஷ்பம். "எங்கப்பாவும் கடை வச்சவருதான். யாரு முதல்ல வாயைத் திறக்காங்கன்னு பாப்பம்."

படிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மோதிர விரல் போய்விடும்.