கறி ரீங்கரித்த வருஷம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில், கேழ்வரகு அறுப்புக்குப் பதினைந்து நாள் முன்னால், ஜவளகிரியில் துப்பாக்கியால் சுட்ட காட்டுப்பன்றியின் கறி ரீங்கரித்தது. மூன்று வருஷமாக நாராயணப்பனின் கேழ்வரகுக் கொல்லையைக் கிளறிப்போட்ட பன்றி அது. ஆறு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கி வர, முன்னால் தப்பட்டை அதிர்ந்தது, பின்னால் ஊரே ஓடிவந்தது. அவருடைய பண்ணையாள் சென்றாயனின் மனைவி செல்லிதான் கறி அறுத்தாள். தொடையில் கத்தி இறங்கியதும் தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் சத்தம் எழுந்தது. தாடைக்கறியிலும் அதே சத்தம். கொழுப்பில் மட்டும் சத்தம் வரவில்லை. மைசூர்ப் பக்கமிருந்து வந்த பன்றி, கன்னடத்தில் முனகுகிறது என்று சிலர் சொன்னார்கள்.

"உள்ள என்னமோ உசுரோட இருக்குதுங்க அய்யா. சத்தம் அடங்கற வரைக்கும் வேகணும்" என்றாள் செல்லி.

நாராயணப்பனும் குனிந்து கேட்டார். குண்டு பட்ட சூடு, ஆறினால் அடங்கிவிடும் என்றார். மூன்று வருஷக் கோபம் அவரைப் பொறுக்க விடவில்லை. தீயில் வாட்டி, உப்பும் மிளகாயும் தடவி, உள்ளே சிவப்பு மாறுவதற்குள் அவரோடு சேர்ந்து பதினோரு பேர் தின்றார்கள். ரீங்காரம் அவர்கள் தொண்டை வழியாக இறங்குவது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது.

செல்லி எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பச்சைத் துண்டுக்கு உப்புப் போட்டு ஒதுக்கிவைத்துவிட்டு, தன் தெருவுக்குக் கிடைத்த பங்கு முழுவதையும் அண்டாவில் ஏற்றினாள். உச்சிப்பொழுதிலிருந்து பிள்ளைகள் தட்டோடு அடுப்பைச் சுற்றின. மூடியைத் திறக்கப் போன சென்றாயனின் கையில் கரண்டியால் ஒன்று போட்டாள். விறகு தீர்ந்ததும் கோழிக்கூண்டின் கதவைப் பிடுங்கி எரித்தாள். பொழுது சாயும்போது சத்தம் கொசு அளவுக்கு இளைத்தது, அப்புறம் நின்றது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பிறகு எல்லாத் தட்டுகளும் ஒரேயடியாக நீண்டன.

பத்தாம் நாள் பதினோரு பேருக்கும் காய்ச்சல். கண்ணிமை வீங்கிவிட்டது, வலியில் தாடையை அசைக்கவோ அரிவாளைத் தூக்கவோ முடியவில்லை. மூச்சு இழுத்த நாராயணப்பனை வண்டி கட்டி ஓசூருக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு, அறைக்குள் வண்டு எங்கே என்று தேடினார். செல்லி ஒதுக்கிவைத்த துண்டைச் சென்றாயன் நீட்டினான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் கூட்டங்கூட்டமாகச் சுருண்டு கிடந்தன. காட்டு மிருகக் கறியில் இது இருக்கும், முழுக்க வேகவைத்தால் செத்துப்போகும், ரீங்காரத்தைப் பற்றி மட்டும் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்றார் டாக்டர்.

யாரும் சாகவில்லை. நாற்பது நாள் கழித்து, ஒருபோதும் அந்தத் தெருவில் கால் வைக்காத நாராயணப்பன் தடியூன்றிச் செல்லியின் வாசலுக்கு வந்தார். இன்னொரு பன்றியைச் சுட்டிருந்தார்கள்.

"நீ வந்து கேளு செல்லி. நீ சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கை வெக்க மாட்டோம்."

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். மறுவருஷம் கறியைக் கேட்டுச் சொல்ல அவளைக் கூப்பிட்டுப் பேரிகை கிராமத்திலிருந்தும் ஆள் வந்தது. அந்தப் பதினோரு பேருக்கு வலி போனாலும் உடம்பின் ரீங்காரம் போகவில்லை. ஊர்க்கூட்டத்தில் அவர்கள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் உரக்கப் பேசினார்கள்.