இடது இருக்கைக்காரர்

பயிற்றுநரை மாற்றித் தரும்படி அந்தக் கார்ப் பந்தயத் தளத்தில் யாரும் கேட்பதில்லை. எந்தத் தாளிலும் எழுதப்படாத விதி அது. ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து, ஊதியம் வாங்காமல், முன்பின் அறியாத ஒருவர் ஓட்டும் காரின் இடது இருக்கையில் வந்து அமர்கிறவரை வேண்டாமென்று சொல்வது நன்றிகெட்ட செயல் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒத்துவராதவர்கள் அடுத்த முறை வருவதில்லை, வந்தவர்கள் தலையாட்டினார்கள்.

தர்ஷினி தன் காரில் தொம்மலூரிலிருந்து விடிவதற்குள் புறப்பட்டு வந்திருந்தாள். மூன்று மாதங்களுக்கு முன் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கம்பெனி கேப் ஒன்று குறுக்கே பாய்ந்தபோது, பிரேக்கின் மேலேயே இருந்த அவள் கால் அழுந்தவில்லை. கேப் எப்படியோ விலகிப்போனது. அன்றிலிருந்து அலுவலகத்துக்குப் பஸ்ஸில்தான் போகிறாள். முழு பலத்தோடு பிரேக்கை மிதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பதிவுப் படிவத்தில் அதைத்தான் எழுதியிருந்தாள். ஆனால் ஏற்பாட்டாளர் ஹரிஷ்குமார் யாருக்கு எந்தப் பயிற்றுநர் என்பதைப் படிவத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை, மொழியைப் பார்த்து முடிவு செய்தார். கன்னடத்தவருக்குக் கன்னடம் பேசுகிறவர், இந்திக்காரருக்கு இந்தி பேசுகிறவர். தமிழ் பேசும் பயிற்றுநர் ஒருவர்தான் இருந்தார்.

"ரெமிஜியஸ் சார் உங்க பாஷைதானே மேடம். செட் ஆயிடும்," என்றார் ஹரிஷ்குமார்.

ரெமிஜியஸ் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர், இருபது ஆண்டுகள் பந்தயக் கார் ஓட்டியவர். தர்ஷினியின் சின்னக் காரை ஒருமுறை சுற்றிவந்து பானெட்டைத் தட்டினார். "இன்னாமா, காய் வாங்கப் போற வண்டியா இது? பரவால்ல, ஏறு." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வலப்பக்கம் ஒரு கூர்மையான வளைவு. அதற்கு நேரெதிரே, பழைய டயர்களை அடுக்கிக் கட்டிய சுவர். வளைவுக்கு இருநூறு மீட்டர் முன்னால் ஒரு பலகை, நூறு மீட்டரில் இன்னொன்று. முதல் சுற்றுகளில் அவள் இருநூறிலேயே பிரேக்கை மிதித்தாள்.

"யார் போடச் சொன்னது? சும்னே பயந்துக்கினு இருக்காத. நான் சொல்றப்போ போடு."

அதன்பின் அவர் சொன்னபோதுதான் போட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் குரல் சற்றுத் தாமதமாக வந்தது. மதியத்துக்குள் பிரேக் பெடல் பழைய இடத்தில் நிற்காமல் கீழே கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. காருக்குள் கருகல் வாசம். "சார், பெடல் உள்ள போகுது," என்றாள். "சூடாயிருக்கு, அவ்ளோதான். ஒண்ணியும் ஆவாது," என்றார். அவருடைய பந்தயக் கார்களில் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் இன்னமும் அந்தக் கார்களில்தான் அமர்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

இடைவேளையில் சிந்து வந்து பக்கத்தில் நின்றாள். போன முறை ரெமிஜியஸிடம் பயின்றவள். இம்முறை அவளுடைய கார் வரவில்லை. நேரம் குறிக்கும் வேலைக்கு மட்டும் வந்திருந்தாள். ஏன் என்று காலையிலிருந்து ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

"தலைய ஆட்டிட்டே இருடி. சாயங்காலம் முடிஞ்சிடும்," என்றாள்.

"உன் வண்டி எங்க?"

சிந்து டயர்ச் சுவரைப் பார்த்தாள். அதில் ஒரு பகுதி மட்டும் புதிதாக அடுக்கப்பட்டிருந்தது. "அவரு ரொம்ப நல்லவருடி," என்றாள்.

மூன்றாவது அமர்வு. நேர்ப்பாதையில் இருநூறு பலகை கடந்தது. "இரு," என்றார் ரெமிஜியஸ். நூறு பலகை நெருங்கியது. "இரு, சொல்றேன்." தர்ஷினியின் கால் பெடலின் மேல் தயாராக இருந்தது, அழுந்தவில்லை. மேம்பாலத்தில் அதைத் தடுத்தது பயம். இங்கே பயம் சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தது; தடுத்தது இன்னொருவரின் அனுமதிக்கான காத்திருப்பு. பலகை பின்னால் போனது. "போடு!" பெடல் பாதி வழி எதையும் பற்றாமல் இறங்கியது. விட்டு மறுபடி மிதித்தாள். மறுபடி. கார் வளைவை விட்டு நேராக, பாதைக்கு வெளியே கொட்டியிருந்த சரளைக்குள் பாய்ந்து, டயர்ச் சுவருக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. கூழாங்கற்கள் காரின் அடியில் சிறிது நேரம் உருண்டன.

ரெமிஜியஸ் சிரித்தார். "பாத்தியா, நின்னுச்சில்ல? இன்னொரு ரவுண்ட் போ. இந்த வாட்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாம்."

அவள் காரைப் பாதைக்கு ஏற்றினாள். பாதையை விட்டு விலகுகிறேன் என்று பின்னால் வருகிறவர்களுக்குக் காட்ட ஜன்னலுக்கு வெளியே முஷ்டியை உயர்த்தி, மெதுவாக, கார்கள் நிற்கும் பிட்டுக்குள் திருப்பினாள்.

"ஏம்மா உள்ள திருப்புற? டைம் இருக்கே!"

நிழற்கூரையின் கீழ் முப்பது பேர் இருந்தார்கள். தர்ஷினி இறங்கி, காரைச் சுற்றிப்போய் இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"ஹரிஷ் சார், ரெமிஜியஸ் சார் எனக்கு வேணாம். வேற இன்ஸ்ட்ரக்டர் குடுங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. சிந்து குறிப்பேட்டை மூடினாள். முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை எழுந்து, திறந்த கதவின் வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. ரெமிஜியஸ் பெல்ட்டைக் கழற்றாமல், எதிரே நீண்டு கிடந்த நேர்ப்பாதையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.