முன் சீட்டு

எங்கள் தெருவில் எல்லோர் வீட்டுக் கராஜிலும் கார் நின்றது. வெள்ளியங்கிரி வீட்டுக் கராஜில் மட்டும் விமானம். அவர் மனைவி கலாவதியின் கேம்ரி கார், வாசல் டிரைவ்வேயில் டெக்ஸாஸின் கேட்டி ஊர் வெயிலைத் தின்றுகொண்டு கிடந்தது. தொண்ணூற்றாறில் ஆலங்கட்டி மழை பெய்து, அந்தக் காரின் கூரை பணியாரக் கல் மாதிரி ஆனது. கலாவதி வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள், கராஜைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீடு என்பதால் சத்தம் எனக்குக் கேட்டது. வேண்டுமென்று நான் நிற்கவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், மழை அப்போதுதான் விட்டிருந்தாலும்.

வெள்ளியங்கிரி பொள்ளாச்சிக்காரர், எண்ணெய்க் குழாய்க் கம்பெனியில் இன்ஜினீயர். வரைபடம் வாங்கி, மரம் இழைத்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, முப்பதுகளில் பறந்த மாதிரி ஒரு விமானம் கட்டினார். மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி. கூரை கிடையாது. இரண்டே சீட்டு, ஒன்றின் பின் ஒன்று. ஓட்டுகிறவருக்குப் பின் சீட்டு. முன் சீட்டில் உட்காருகிறவர் காற்றையும் பூச்சியையும் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டுக்குத்தான் இத்தனை கதையும்.

இறக்கையின் எலும்புக்கூட்டுக்கு மேல் துணி போர்த்தி, அதை ஒவ்வொரு விலா எலும்போடும் சேர்த்து மெழுகு நூலால் கட்ட வேண்டும். இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இவர் நீள ஊசியைக் குத்தி அனுப்பினால் அவர் திருப்பி அனுப்புவார். பிறகு ஒரு முடிச்சு. இப்படி ஆயிரக்கணக்கில். தனி ஆளால் ஆகாது.

வெள்ளியங்கிரி முதலில் மனைவியைத்தான் கேட்டார். அதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

“ஏனுங்க, என் காரை வெயில்ல நிறுத்திப்போட்டு, உங்க இறக்கைக்கு நான் தையல் போடோணுமாக்கும்?” என்றாள் கலாவதி.

அவர் அதோடு விட்டுவிட்டார். எதிர்வீட்டு ருக்மிணி விடவில்லை. அவள் கணவன் அனந்தராமன் கன்சல்டன்ட். திங்கள்கிழமை சிகாகோ போனால் வியாழக்கிழமைதான் திரும்புவான். ருக்மிணி ஸ்ரீரங்கத்துக்காரி. கொல்லையில் மல்லிகை வளர்த்து, கட்டி, பியர்லாண்ட் கோயிலுக்குக் கொடுக்கிறவள். ஒரு நாள் கராஜ் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “இது பூ கட்டற மாதிரிதானே சார்? நூலைக் கொடுங்கோ” என்றாள். கட்டிக் காட்டினாள். அவர் போட்ட முடிச்சுக்கும் அவள் போட்ட முடிச்சுக்கும் வித்தியாசம் பார்க்க எனக்கே தெரிந்தது.

அன்று முதல் சாயங்காலமெல்லாம் இறக்கைக்கு அந்தப் பக்கம் ருக்மிணி.

டெக்ஸாஸ் வீடுகளில் வாஷிங் மெஷின் அறை கராஜை ஒட்டி இருக்கும். அந்த மாதங்களில் கலாவதி வீட்டில் துணி துவைத்த மாதிரி வேறெங்கும் துவைத்திருக்க மாட்டார்கள். ஜன்னல் திரையை ஒரே வாரத்தில் இரண்டு முறை துவைத்தாள். இரண்டு பேருக்கும் காபி கொண்டுபோய் வைப்பாள். அவருக்கு டம்ளர் டபரா, ருக்மிணிக்குக் காகிதக் கப்.

“அதென்ன ‘சார்’?” என்றாள் என்னிடம். “என்னைய அக்கான்னு கூப்பிடறா. அப்ப இவரை அண்ணான்னு கூப்பிட்டா நாக்கு சுளுக்கிக்குமா?”

“மரியாதைக்கா இருக்கும்” என்றேன்.

“ஒண்ணும் வேண்டாம் அந்த மரியாதை.”

ஒரு சாயங்காலம் கறிவேப்பிலை கேட்டு நான் போயிருந்தேன். வெள்ளியங்கிரி ருக்மிணிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இறக்கையின் முன்னால் விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. “இது பிளேனுக்கு மூக்கு மாதிரி. இதுக்குள்ள போற காத்தை வெச்சுத்தான் ஸ்பீடு காட்டும். இது அடைச்சுக்கிச்சுன்னா ஊசி அசையாது.”

“அப்போ விழுந்துடுமா சார்?”

“கிளம்பினாத்தானே விழறதுக்கு? ரன்வேயில ஓடறப்பவே ஊசியைப் பாப்பேன். அசையலைன்னா நிறுத்திருவேன், அவ்வளவுதான்.”

வாஷிங் மெஷின் அறை வாசலில் நின்றிருந்த கலாவதியின் கையில் ஒரு துண்டு. அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

இரண்டு வருடம் கழித்து விமானம் கராஜை விட்டு வெளியேறி, நெல் வயல்களுக்கு நடுவே இருந்த புல் ஓடுபாதைக்குப் போனது. அரசாங்க ஆள் வந்து பார்த்து அனுமதி கொடுத்தார். ஆனாலும் நிறைய மணி நேரம் வெள்ளியங்கிரி தனியாகவே ஓட்டி முடித்த பிறகுதான் முன் சீட்டில் ஆள் ஏற்றலாம் என்பது சட்டம். முதல் முறை பறந்ததைக்கூட எங்களிடம் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயமாம். யார் கண் என்று நான் கேட்கவில்லை.

ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவரும் தீபாவளி பாட்லக்கில்தான் வினை. ருக்மிணி புளியோதரைத் தட்டோடு, “சார், நான் போட்ட முடிச்செல்லாம் மேல போய் எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாக்கணும்” என்றாள். வெள்ளியங்கிரி யோசிக்காமல், “அதுக்கென்னங்க? மொதல் சீட்டு உங்களுக்குத்தான்” என்றார்.

நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறையில் அது எல்லோர் காதிலும் விழுந்தது. கலாவதி கையிலிருந்த கரண்டி பாயசத்துக்குள்ளேயே நின்றது. அவள் உயரத்துக்கே பயப்படுகிறவள். கலேரியா மாலில் எஸ்கலேட்டர் ஏறக்கூட என் கையைப் பிடிப்பாள். பறக்கும் ஆசை அவளுக்கு எந்த ஜென்மத்திலும் கிடையாது. ஆனால் கார் போய், கராஜ் போய், சாயங்காலமெல்லாம் போய், கடைசியில் மிச்சமிருந்தது அந்த முன் சீட்டு ஒன்று. அதுவும் போகிறது.

மறுநாள் அவரிடம் அவள் சண்டை போடவில்லை. “ஆள் ஏத்தற அன்னிக்காவது ஒரு பூஜை போடலாமுங்க” என்றாள். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். எனக்குத்தான் அந்த அமைதி பிடிக்கவில்லை.

ஆள் ஏற்றும் நாளும் வந்தது. சனிக்கிழமை காலை, தெருவே ஓடுபாதைக்குப் போயிருந்தது. அனந்தராமன் மடக்கு நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தான். “நான் வாரத்துக்கு ரெண்டு ஃப்ளைட் ஏறறேன். ஜன்னல் சீட்டுகூட கேக்கறதில்ல” என்றான்.

நான் முதலில் பார்த்தது கலாவதியின் கால்களை. பியர்லாண்ட் கோயிலுக்குப் பட்டுப்புடவை இல்லாமல் வராதவள், பூஜைக்கு ஜீன்ஸும் ஓட்டப்பந்தய ஷூவும் போட்டு வந்திருந்தாள். தலைமுடியை இறுக்கிப் பின்னி ஏழெட்டு ஊசி குத்தியிருந்தாள்.

வெள்ளியங்கிரி விமானத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பார்த்துச் சோதனையை முடித்தார். அதற்குப் பிறகுதான் பூஜை. துணி இறக்கை பக்கத்தில் கற்பூரம் கூடாது என்றார். தள்ளி வைத்துக் கொளுத்தினோம். தேங்காய் உடைத்தோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கலாவதி கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து வந்திருந்தாள். காற்றாடிக்கு ஒரு பொட்டு, சக்கரத்துக்கு ஒரு பொட்டு, வாலுக்கு ஒரு பொட்டு. இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு மட்டும் தாராளம்.

ருக்மிணி காற்றுக்கு மறைப்பாகப் பட்டை வைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. விமானம் ஓடுபாதையில் ஓடியது, பாதி தூரம் போய் இஞ்சின் அடங்கி, திரும்பி வந்தது.

“ஊசி அசையல” என்றபடி வெள்ளியங்கிரி இறங்கினார். குழாயைப் பார்த்தார். குங்குமம் வைத்த சந்தனம் அதன் வாய்க்குள் இறுகிக் காய்ந்திருந்தது. “கலா, இங்கெல்லாம் எதுக்கு வெச்சே?”

“நெத்தின்னு நெனச்சனுங்க.”

கம்பியால் குத்தி, பின்னாலிருந்த ரப்பர் குழலைக் கழற்றிக் காற்றடித்து, சுத்தம் பண்ண அரை மணிக்கு மேல் ஆனது. வெயில் ஏறிவிட்டது. முன் சீட்டில் வெந்துகொண்டிருந்த ருக்மிணி, கண்ணாடியைக் கழற்றிச் சீட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினாள். “ஒரு தடவை தனியா ஓட்டிப் பாத்துட்டு வந்தர்றேன்” என்று அவர் நிமிர்ந்தபோது, முன் சீட்டில் கலாவதி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மாட்டி, பெல்ட்கூடப் போட்டாகிவிட்டது.

“சந்தனம் வெச்சது நானுங்க. சரியாயிருச்சான்னு நானே பாத்துக்கறேன். போலாம்.”

அவர் எங்களைப் பார்த்தார், ருக்மிணியைப் பார்த்தார், பிறகு மனைவியின் பின்னந்தலையைப் பார்த்தார். அந்தப் பின்னந்தலை திரும்பவில்லை. பின் சீட்டில் ஏறினார். முதலில் ஓடுபாதையில் ஒரு சும்மா ஓட்டம்; ஊசி அசைந்தது என்று கட்டைவிரல் காட்டினார். அடுத்த ஓட்டத்தில் விமானம் எழும்பிவிட்டது. நெல் உலர்த்தும் கோபுரத்தைச் சுற்றி, வயலில் மேய்ந்த வாத்துக் கூட்டத்தையெல்லாம் கிளப்பி, எங்கள் தலைக்கு மேல் ஒரு முறை போனது. எஸ்கலேட்டருக்குப் பயப்படுகிறவளின் இரண்டு கையும் சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது கீழேயிருந்தே தெரிந்தது.

ருக்மிணி தண்ணீர் பாட்டிலை மூடாமல் அண்ணாந்து நின்றாள். அவள் முகம் நாங்கள் கலாவதியிடம் பல மாதமாகப் பார்த்த முகமாக இருந்தது.

இறங்கியதும் கலாவதி புல்லோரம் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நேராக ருக்மிணியிடம் வந்தாள்.

“நல்லாத்தான் கட்டியிருக்கே, ருக்மிணி. ஒரு முடிச்சுகூட அவுரல. பூரா பாத்தேன்.”

ருக்மிணி பாட்டிலை மூடினாள். “அடுத்த வாட்டி சந்தனம் கொஞ்சமா வெய்ங்கோ அக்கா.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ருக்மிணி வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினாள். “இப்போ நான் ஏறலாமா, அண்ணா?”

கலாவதி அந்தக் கண்ணாடியைக் கழற்றி, தன் கையாலேயே ருக்மிணிக்கு மாட்டிவிட்டாள். பட்டையைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள் என்று தோன்றியது.

மூன்றாவதாக ஏறப்போவது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஷூ போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்.