மாதிரிப் பெட்டியின் பேத்தி

எங்கள் நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் பெட்டி செய்கிறது. செய்கிறது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பூதக்கண்ணாடி ஓர் இடத்திலிருந்து வரும், காந்தம் வேறோர் இடத்திலிருந்து, திசைகாட்டி இன்னோர் இடத்திலிருந்து. பெட்டி அச்சகத்திலிருந்து வரும். வாசல் காவலாளிகூட வேறொரு நிறுவனம் அனுப்பும் ஆள்தான். மாதாமாதம் ஆள் மாறுவார், சட்டை மாறாது.

நிரந்தரமாக உள்ளே இருப்பவர் மேனேஜர் ஒருவர்தான். நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். அது வெள்ளிக்கிழமையோடு முடிவதாக இருந்தது.

"வேலைய வெளிய குடுத்தா தலைவலியும் வெளிய போயிடும்மா" என்பார் மேனேஜர்.

பெட்டியில் சாமான் அடுக்குவதை மட்டும் இதுவரை ஆட்களை உள்ளே வரவழைத்துச் செய்துவந்தோம். இந்த முறை அறுநூறு பெட்டி, அவசரம். அதையும் மொத்தமாக வெளியே கொடுத்துவிடு, யாருக்கு என்பதை நீயே முடிவு செய் என்றார். "நல்லபடியா முடிச்சா இங்கேயே இருக்கலாம். இல்லன்னா..." என்று மின்விசிறியைப் பார்த்தார். மீதியை அது சொல்லும் என்பதுபோல.

மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் மணிக்கணக்குக்கு ஆள் அனுப்புகிறேன், வேலை வாங்குவது உங்கள் பாடு என்றார். இரண்டாமவர் தினமும் இரண்டு முறை பேசி நிலவரம் சொல்வேன் என்றார். மூன்றாமவர் வேன் வைத்திருந்தார். "சாமானக் குடுங்க, பெட்டியா திருப்பித் தரேன். நடுவுல மட்டும் என்னக் கூப்பிடாதீங்க" என்றார்.

எனக்குப் போனில் பேசுவது பிடிக்காது. வேன்காரரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒரு மாதிரிப் பெட்டியை நானே அடுக்கிக் கொடுத்தேன். காந்தம் இடக் கோடியில், திசைகாட்டி வலக் கோடியில், நடுவில் மற்றவை. அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் உண்டு. அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார், பேச்சு நீளும்.

புதன்கிழமை காலை அறுநூறு பெட்டியும் வந்தன. ஓரம் பிசகாமல், பார்க்கவே அழகாக இருந்தன. ஒன்றைத் திறந்தேன். காந்தமும் திசைகாட்டியும் புதுமணத் தம்பதி போல ஒட்டி உட்கார்ந்திருந்தன.

திசைகாட்டியைக் காலை வெயில் விழும் ஜன்னலருகே கொண்டுபோனேன். சிவப்பு முனை தெற்கைக் காட்டியது. அடுத்ததும் தெற்கு. இருபது பெட்டியைத் திறந்ததில் பதினேழின் புத்தி பேதலித்திருந்தது. பக்கத்திலேயே கிடந்த காந்தம் முள்ளின் காந்தத்தைத் தலைகீழாக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பெட்டிகள் போய்ச் சேர வேண்டும்.

பேச வேண்டியதை மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு வேன்காரரை அழைத்தேன்.

"கூப்பிடாதீங்கன்னு சொன்னேனேம்மா."

"காந்தம் இடம் மாறியிருக்குண்ணா."

"நான் அடுக்கல. என் மச்சான் தையல் கடை வச்சிருக்கார், அவர்கிட்ட விட்டேன்."

"நான் குடுத்த மாதிரிப் பெட்டி?"

"அது வேன்ல பத்திரமா இருக்கு. லட்சணமா இருந்துச்சு, நாலு பேர்கிட்ட காட்டலாம்னு வச்சுக்கிட்டேன். அதப் பாத்து நானே ஒண்ணு அடுக்கி மச்சானுக்குக் குடுத்தேன்."

தையல் கடைக்குப் போனேன். மச்சான் வாயில் ஊசியோடு அலமாரியைக் காட்டினார். வேன்காரர் அடுக்கிய பெட்டி அங்கே இருந்தது. அதில் காந்தம் நடுவுக்கு வந்திருந்தது.

"எனக்குக் கை ஒழியலம்மா. பக்கத்து சலூன் அக்காகிட்ட குடுத்துட்டேன். அவங்களுக்கு ஒரு மாதிரி நானே அடுக்கிக் குடுத்தேன். இதுக்கும் அதுக்கும் ஒரு நூல்கூட பிசகாது" என்றார், ஊசியை எடுத்துவிட்டு.

சலூன் பெஞ்சில் அந்த மாதிரி இருந்தது. நான் செய்ததற்கு அது பேத்தி முறை. தலைமுறைக்கு நாலு விரற்கடை நகர்ந்து, காந்தம் திசைகாட்டியின் தோளில் சாய்ந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே எந்தெந்தக் கையில் குரங்கானது என்பதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"தப்புன்னு எனக்கும் தோணுச்சு" என்றார் அக்கா. "முள்ளு சாமியாடற மாதிரி சுத்துச்சு. இவர்கிட்டகூட சொன்னேன்."

"சொன்னா" என்றார் அவர் கணவர், ஒருவர் தலையிலிருந்து கண் எடுக்காமல். "மாதிரிய மீறாதன்னு நான்தான் சொன்னேன். நாம முடிவெட்டறவங்க, முள்ளப் பத்தி நமக்கென்ன தெரியும்?"

"மேல சொல்லியிருக்கலாமேக்கா."

"யாருகிட்ட? எனக்கு மேல தையல்காரர். அவருக்கு மேல யாருன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? ஆமா, நீ யாரு?"

அதுவரை அவருக்கு நான் யாரென்றே தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது. என் வேலை அவர் கையில் இருந்தது.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காரணத்தைச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வெளியே போன தலைவலி வழி கேட்டுத் திரும்பி வந்துவிட்டது.

"மூணு கை மாறியிருக்கா?"

"ஆமா சார்."

"நம்மள மட்டும் என்ன வாழுது. பள்ளிக்கூடம் ஒரு கம்பெனிகிட்ட சொல்லுச்சு, கம்பெனி ஏஜன்ட்கிட்ட, ஏஜன்ட் என்கிட்ட. சலூன் வரைக்கும் ஆறு கை." கொஞ்சம் பெருமையாகவே சொன்னதுபோல் இருந்தது. "சரி, சரிபண்ண முடியுமா?"

"முடியும் சார். நம்மகிட்ட இருக்கற பெரிய காந்தம் வேணும். சலூன் அக்காவும் வேணும்."

வியாழன் காலை வேன் பெட்டிகளோடு சலூன் வாசலில் நின்றது. கத்தரிக்கோல்களைத் தூரத் தள்ளி, இரும்பு நாற்காலிகளை விட்டு விலகி, மரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். திசைகாட்டியைச் சாய்த்து, முள் அசையாதபடி பிடித்து, பெரிய காந்தத்தின் தென்முனையை நடுவிலிருந்து சிவப்பு முனைப் பக்கமாக இழுத்தேன். அக்கா வாங்கித் தரையில் வைத்துப் பார்த்தார். சலூன் கண்ணாடி வடக்குச் சுவரில் இருந்தது. அதனால் விதி எளிது: சிவப்பு முனை கண்ணாடி பார்க்க வேண்டும்.

"இது பாக்குது. இதுவும் பாக்குது. இது உங்கள மாதிரி, சொன்ன பேச்சு கேக்கல" என்று கணவரைப் பார்த்தபடி ஒன்றை என்னிடம் திருப்பித் தந்தார்.

வேன்காரர் எண்ணினார். மச்சான் கடையைப் பூட்டிவிட்டு வந்து அடுக்கினார். பாதி முகத்தில் நுரையோடு இருந்த ஒருவர், "நான் சும்மாதானே உக்காந்திருக்கேன், ஒரு பத்து குடுங்க" என்று கை நீட்டினார். அடுக்கியவர்களிடம் நான் ஒவ்வொரு தடவையும் காரணத்தைச் சொன்னேன். நாலாவது தடவை அக்காவே என்னை முந்திக்கொண்டு சொல்லிவிட்டார், என்னைவிட நன்றாக: "ரெண்டும் சம்பந்திங்க. ஆளுக்கொரு மூலையில இருந்தாதான் வீடு நிம்மதி."

மாலை ஐந்தரைக்கு அறுநூறும் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை வேன் கிளம்புமுன் மேனேஜர் பதினோரு பெட்டியைத் திறந்து பார்த்தார். பதினொன்றும் வடக்கு.

இப்போது மாதிரிப் பெட்டி கைக்கு ஒன்றாக நானே அடுக்குகிறேன். ஒவ்வொன்றின் மூடிக்குள்ளும் காரணமும் என் போன் எண்ணும் இருக்கும். "ஏதாவது தப்பாகத் தோன்றினால் கூப்பிடவும்." அக்கா ஒன்றும் தோன்றாவிட்டாலும் கூப்பிடுகிறார்.

அடுத்த வாரம் என் பணி உறுதிக் கடிதம் வந்தது. கடிதம் அடிக்கும் வேலையையும் மேனேஜர் வெளியே கொடுத்திருக்கிறார். பெயர் சரி, தேதி சரி. என்னை ஓட்டுநராக நிரந்தரம் செய்திருந்தார்கள். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

கடிதத்தை மேனேஜரிடம் நீட்டினேன். படித்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"மாதிரியில அப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

கடிதம் அடித்தவர்களை நானே கூப்பிட்டேன், ஒத்திகை பார்க்காமல். திருத்தி அனுப்புவதாகச் சொன்னார்கள். இதை அக்காவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று மாலையே வேன்காரர் என்னைப் பார்த்ததும் வேனிலிருந்து கீழே இறங்கி, சாவியை நீட்டி, மரியாதையாக ஒதுங்கி நின்றார்.