திரை போட்ட வண்டில்

மூதூரிலிருந்து வந்த லாஞ்சியை விரிகுடா நடுவில் ஒன்றரை மணி நேரம் மறித்து வைத்தார்கள். பெரிய போர்க்கப்பல் ஒன்று உள்ளே போகிறதாம். அது போய் முடியும்வரை நாங்கள் அசையக்கூடாதாம். மூன்றரைக்குத் திருகோணமலை ஜெட்டியில் இறங்கவேண்டியவள் ஐந்து மணிக்கு இறங்கினேன்.

பாலையூற்றில் நல்லம்மா என்பவர் வீட்டில் எனக்கு ஓர் அறை பேசியிருந்தது. பொழுதுபட்டால் ஊரில் ஒரு விளக்கும் எரியாது, சண்டைக்காலச் சட்டம். அதற்குமுன் நான் அந்த வீட்டுக்குள் இருக்கவேண்டும். காலையில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேருவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இலங்கைத்துறையில் வலை இழுக்கிறவரின் மகள் பி.ஏ. பாஸ் பண்ணினால், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அவளுக்குப் புத்தி சொல்வார்கள். "நான் கூட வாறன் பிள்ளை" என்றார் அப்பா. "கொழும்பில மூண்டு வருசம் தனியத்தானே ட்ராம் ஏறினனான்" என்று வாய்காட்டிவிட்டு வந்தேன். ஜெட்டி வாசலைத் தாண்டியபோது அந்த வாய் காய்ந்துபோயிற்று. வீதி முழுக்க வெள்ளை உடுப்புப் போட்ட இங்கிலீஸ் கடற்படைக்காரர். மதிலில் வரிசையாக இருந்து குடித்துக்கொண்டிருந்தவர்கள், என் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவன் சீட்டியடித்தான். என்னையும் எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண்ணையும் தவிர அங்கே வேறு பெண்ணே இல்லை.

அந்தப் பெண் சுபைதா. லாஞ்சியில் எனக்குப் பக்கத்தில், கருவாட்டுச் சாக்கொன்றை மடியில் சாய்த்தபடி வந்தவர். வயது நாற்பதுக்கு மேலிருக்கும். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"தனியவோ புள்ள? எங்க போறீங்க?"

"பாலையூத்துக்கு."

"நடந்தோ? அல்லாவே! நம்மட காக்கா வண்டிலோட வந்திருக்காரு. ஏறுங்க."

காக்கா என்றது அவருடைய அண்ணன் முஹம்மது தம்பியை. ஒற்றைமாட்டு வண்டிலின் முன்னும் பின்னும் பழைய சிவப்புச் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்.

"திரையைப் போட்டாப் பிறகு ஒருத்தனும் எட்டிப் பாக்கமாட்டான் தங்கச்சி. இந்த ஊர் மரியாதை அப்பிடி" என்றார்.

திரைக்குள் பெண்களை மூடிக்கொண்டு போகிற வழக்கத்தைப் பற்றிக் கல்லூரி விவாதமேடையில் இருபது நிமிடம் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு வாய் திறக்காமல் ஏறினேன். ஏறியதும் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

உள்ளே புழுக்கம், கருவாட்டு மணம். வெளியில் ஒன்றும் தெரியாது, கேட்கத்தான் முடியும். வண்டில் சில்லு உருளுகிற சத்தம், மாட்டின் மூச்சு. பிறகு சப்பாத்துச் சத்தம். ஒரு சோடி இல்லை, இரண்டு. வண்டிலோடு சேர்ந்தே வந்தது.

"உள்ளே எத்தனை பேர்? இரண்டா?" ஆங்கிலத்தில் ஒருவன் கேட்டான்.

"யெஸ் சேர்" என்றார் முஹம்மது தம்பி.

"இளசுகளா?"

"யெஸ் சேர்."

"முகாமுக்குத்தானே கொண்டுபோகிறாய்? நாங்கள் இங்கேயே எடுத்துக்கொள்கிறோம்."

"யெஸ் சேர், யெஸ் சேர்."

அவருக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு ஆங்கிலம் தெரியாதுபோல. மூன்று பேரில் விளங்கியவள் நான் ஒருத்தி. அவன் கேட்டதிலிருந்து பிடிபட்டது: காசுக்காக இந்த வீதியால் முகாமுக்குப் போகிற பெண்களையும் இப்படித் திரை போட்ட வண்டிலில்தான் ஏற்றிப் போகிறார்கள். ஊர்க்காரனைத் தலைகுனிந்து விலகிப்போக வைக்கிற அதே திரை, இவர்களைக் கூப்பிடுகிறது.

"அக்கா, திரையை எடுக்கவேணும்" என்று சுபைதாவின் காதுக்குள் சொன்னேன்.

"விசரோ? அது ஒண்டுதானே நமக்குக் காவல்!"

அவர்கள் கேட்டதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அவர் திரைக் கயிற்றைப் பார்த்தார்.

வண்டில் நின்றது. முன்திரையை விலக்கிக்கொண்டு போய் முஹம்மது தம்பிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒருவன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தான். சின்ன வயதான மற்றவன் முகம் சிவந்து நின்றான்.

"நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். உள்ளே இருப்பது இவருடைய தங்கை. கயிற்றை விடு" என்றேன் ஆங்கிலத்தில்.

"அடே, இது பேசுகிறதே!" கயிறு பிடித்தவன் சிரித்தான்.

"உன் கப்பலின் பெயரைச் சொல். முறைப்பாடு எழுதுகிறேன்."

அவன் தொப்பியைக் கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினான். நாடாவில் எச்.எம்.எஸ். என்று மட்டும் இருந்தது. சண்டைக்காலத்தில் கப்பலின் பெயரைத் தொப்பியில் போடுவதில்லை.

"எழுது" என்றான். கயிற்றை விட்டுவிட்டு வண்டிலின் பின்பக்கம் நடந்தான்.

நான் படித்த படிப்பு அந்த இடத்தில் முடிந்தது.

அவன் கை படுவதற்குமுன் பின்திரை கயிறு அறுந்து விழுந்தது. உள்ளேயிருந்து இழுத்தது சுபைதா. கருவாட்டுச் சாக்கின்மேல், முக்காட்டை நாடிக்குக் கீழே இறுக்கிப் பிடித்தபடி, அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியோரம் நரைமயிர். பார்வையை எடுக்கவேயில்லை.

சின்னவன் தொப்பியைக் கழற்றினான். என்னவோ முணுமுணுத்து மற்றவனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் சில்லில் துப்பிவிட்டு விலகினான். போகவில்லை, கொஞ்சத் தூரத்தில் நின்று நாங்கள் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தான்.

"என்னத்துக்கு எல்லாத்துக்கும் யெஸ் எண்டனீங்கள்?" என்று முஹம்மது தம்பியில் பாய்ந்தேன்.

"நோ எண்டு சொல்லவும் தெரியும் தங்கச்சி. போன கிழமை வண்டில்கார டொமினிக் சொன்னவன். மாட்டை அவிட்டுத் துரத்திப்போட்டு அவன்ட பல்லையும் உடைச்சாங்க." முகத்தைத் தோள்துண்டால் துடைத்தார். "என்ன கேட்டாங்க எண்டு தெரிஞ்சிருந்தா, பல்லுப் போனாலும் நோ எண்டிருப்பன்."

அவர்களின் வீடு இருக்கிற ஒழுங்கை தெரிந்ததும் முஹம்மது தம்பி வண்டிலை நிறுத்தித் திரையை உதறி எடுத்தார்.

"இனி என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"முகாம் ரோட்டால முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தா எண்டு ஒரு கதை போனாப் போதும். இவட மகளுக்கு மாப்பிள்ளை வராது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சொல்ல நிறைய இருந்தது. சுபைதா அறுந்த கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"புள்ள, எனக்குக் கை நடுங்குது. நீங்க கட்டுங்க."

கட்டினேன். மூன்றாம் தரந்தான் முடிச்சு நின்றது. சுபைதா திரைக்குள் இருந்தபடியே தன் வாசல்வரை போய், இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

மிச்சத் தூரம் நான் திரைக்குள் ஏறவில்லை. முஹம்மது தம்பியின் பக்கத்திலேயே இருந்தேன். பின்னால் எந்தச் சத்தம் கேட்டாலும் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

பாலையூற்றில் நல்லம்மா வாசல் படலையடியில் நின்றார். வானத்தில் கொஞ்ச வெளிச்சந்தான் மிச்சம். வண்டில்காரருக்குப் பக்கத்தில் நான் இருப்பதைக் கண்டார். ஒழுங்கையின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லையென்று நிச்சயமான பிறகுதான், "கெதியா உள்ளுக்கு வாங்கோ" என்றார்.