பிறந்த வீட்டுச் சாமி

மதுரை ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு, மதுரை, வேலூர், பெங்களூர் என்று மூன்று ஊர் டாக்டர்களில் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும்படி செய்வதுதான் ஓவியாவின் வேலை. பரம்பரையாக வரும் நரம்பு நோய்களில் சில, ஊரூராகத் தேடினாலும் ஒரு வீட்டில்தான் இருக்கும். அந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளையிலும் அதே கோளாறு தெரிந்தால்தான், இன்ன மரபணுவால் வந்தது என்று டாக்டர்கள் துணிந்து சொல்வார்கள். நம் ஆட்களுக்கோ குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை வைத்துப் பங்காளியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓவியாதான் வழி சொன்னாள். "எல்லார்ட்டயும் குலசாமி எதுன்னு கேளுங்க."

ஆமத்தூர் வேலுத்தாயிடமும் அப்படித்தான் கேட்டார்கள். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். நடை தள்ளாடத் தொடங்கியதும், "காலையிலேயே ஊத்திட்டியாக்கும்" என்று சிரித்தார்கள். கையும் நடுங்கவே, வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவளுக்கு அது பெரிதில்லை. மகள் ரோஜாவை அண்ணன் கருப்பணனின் மகன் முனியராஜுக்குப் பேசியிருந்தது. ஆவணியில் கல்யாணம். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் இது வருமா? அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மூன்று ஊரிலும் வேலுத்தாய்க்குப் பொருந்துகிற குடும்பம் கிடைக்கவில்லை. அதைப் போனில் சொல்ல மனசு வராமல் மாசி மாதம் ஓவியாவே நேரில் வந்தாள்.

வேலுத்தாய் கேட்டுக்கொண்டாள். முகம் வாடினாலும் காப்பி போடச் சொன்னாள். "பங்குனி உத்தரத்துக்கு அண்ணன் கூப்பிட்டுச்சு தாயி. இந்தக் காலை வச்சு எங்க அய்யனார் கோயிலுக்கு எப்படிப் போக?"

"அய்யனாரா? உங்க குலசாமி பத்திரகாளின்னுல்லக்கா சொன்னீக?"

"அது எங்க வீட்டுக்காரரு சாமி. வாக்கப்பட்டு வந்தபொறவு அதுதான என் சாமி. கருவேலங்காட்டு அய்யனாரு பொறந்த வீட்டுக்குல்ல."

ஓவியா காப்பியைக் கீழே வைத்தாள். கல்யாணமான எந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்வாள். தன்னிடம் கேட்டிருந்தால் தானும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நோய் பிறந்த வீட்டு வழி வந்திருக்க, மூன்று ஊரிலும் புகுந்த வீட்டுச் சாமியை வைத்துத் தேடியிருக்கிறார்கள்.

அங்கிருந்தே பெங்களூருக்குப் பேசினாள். கருவேலங்காட்டு அய்யனாரைக் கும்பிடுகிற ஒருவர் அங்கே இருந்தார். அவருக்கும் இதே தள்ளாட்டம்.

"எங்க பங்காளியா? பேரென்ன?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"அவுக சம்மதிக்காமச் சொல்லக் கூடாதுக்கா."

"ரத்தத்த மட்டும் வாங்கிக்கிடுவீக, சொந்தத்தச் சொல்லமாட்டீக. நல்ல டாக்டருக."

வைகாசியில் சேதி வந்தது. இருவருக்கும் ஒரே மரபணுவில் ஒரே பிழை. தாய் தகப்பன் இருவரும் அந்தப் பிழையைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். தாயிடமிருந்து ரோஜாவுக்கு அது கட்டாயம் வந்திருக்கும், நோயாக இல்லாமல். இனி முனியராஜுக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"எம் மகனுக்கு என்ன கேடு?" என்று கருப்பணன் மறித்தார். முனியராஜ் அப்பாவிடம் வாதாடாமல், மறுநாள் பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்தான்.

அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவை ஓவியா அவனிடம் மட்டும் சொன்னாள். பிறகு ஆமத்தூர் வந்தவளின் கையை வேலுத்தாய் பிடித்துக்கொண்டாள். "பையனுக்கு இருக்கா, இல்லையா?"

"அவுகதான்க்கா சொல்லணும்."

"ஒன் மூஞ்சியே சொல்லுதே."

ஓவியா தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் பைக் நின்றது. முனியராஜ் வந்து அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"எனக்கும் இருக்கு அத்தே."

வேலுத்தாய் அவன் தோளில் கை வைத்தாள். "அப்ப வேண்டாம்லே, மருமகனே. எம் பாடு என்னோட போகட்டும். வேற எடத்துல பொண்ணு பாக்கச் சொல்லு அண்ணன்ட்ட."

அடுப்படியிலிருந்து ரோஜா வந்தாள். "நீயே பேசி முடிக்காதம்மா." ஓவியாவிடம் திரும்பினாள். "எல்லாப் பிள்ளைக்கும் வருமாக்கா?"

"இல்ல. ஒவ்வொரு தடவையும் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. உண்டான புதுசுலயே டெஸ்ட் எடுத்துச் சொல்லிருவாக. இப்ப எதைத் தேடணும்னு தெரிஞ்சு போச்சுல்ல."

"வருதுன்னு சொன்னா?"

"அப்ப என்ன செய்யணும்னு நீங்க ரெண்டு பேருந்தான் முடிவு பண்ணணும். அது லேசு இல்ல. கல்யாணத்துக்கு முந்தியே டாக்டர்ட்ட உக்காந்து பேசிருங்க."

ரோஜா முனியராஜைப் பார்த்தாள். "வருவீகளா மச்சான்?"

"என்னைக்கு?"

"திங்கக்கெழம. வேண்டாம்னு சொல்லணும்னாலும் நாம ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுவோம். அம்மா சொல்ல வேண்டாம்."

வேலுத்தாய் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள். ரோஜா தாங்க வருமுன் முனியராஜ் கை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.