நாலாவது தோள்

செத்துப்போன புருஷன் சதாசிவத்தின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்குள் ராஜம்மாவின் கையிலிருந்து துணிக்கிழிசல் இரண்டு முறை நழுவிவிட்டது. இதெல்லாம் பெண்டாட்டி செய்கிற வேலையா? அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடி வந்து செய்ய வேண்டியது. மலாயாவின் இந்தக் கூலாய் ஊரில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. பொழுது விடிந்து வெகுநேரமாகியும் ஒருவர்கூட வாசலேறவில்லை.

சதாசிவம் செய்த குற்றம் ஒரு சங்கத்தில் சேர்ந்ததுதான். பல தேசங்களில் கிளை வைத்திருக்கும் வணிகர் கழகம் ஒன்று ஜோகூர் பாருவில் தொடங்கியபோது, மளிகை வியாபாரிகளில் இவரைத்தான் கேட்டார்கள். அந்தக் கழகத்தில் ஒரு தொழிலுக்கு ஒரே ஆள். இன்னொரு மளிகைக்காரர் உள்ளே வரவேண்டுமானால் இருப்பவர் விலக வேண்டும், இல்லை சாக வேண்டும். கோயில் தலைவரும் எதிர்க்கடைக்காரருமான வீரமுத்துவுக்கும் அந்த இடத்தின்மேல் ஒரு கண் இருந்தது. கிடைக்கவில்லை என்றதும், சதாசிவம் வெள்ளைக்காரன் மேசையில் மாட்டுக்கறி தின்கிறார் என்று ஊரெல்லாம் ஊதிவிட்டார். அன்றோடு கோயிலில் இவருக்கு விபூதி நின்றது. கல்யாண வீடுகளில் இலையும் நின்றது.

உண்மையில் சதாசிவம் வியாழக்கிழமை தோறும் ரயிலேறிப் போய், ரொட்டியோடும் உருளைக்கிழங்கோடும் முள்கரண்டியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிவிட்டு, பசியோடு வீடு திரும்பி ரசஞ்சோறு தின்கிறவர்.

"எதுக்குங்க இந்தப் பாடு?" என்று ராஜம்மா கேட்டால் சிரிப்பார்.

"நம்ம கழகத்து ஆளுங்க உலகம் பூரா இருக்காங்க புள்ள. எந்த ஊருக்குப் போனாலும் 'வாங்க'ன்னு சொல்லி நமக்கு ஒரு நாற்காலி போடுவாங்க."

அவர் போனதென்னவோ ஜோகூர் பாருவுக்கு மட்டும்தான். ஆனாலும் அதைச் சொல்லும்போது முகத்தில் வருகிற பூரிப்பைப் பார்த்து அவள் வாயை மூடிக்கொள்வாள். பிள்ளையில்லாத வீட்டில் அவருக்கு அவள், அவளுக்கு அவர். நேற்று மாலை கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இனிமேல் அந்த வீட்டில் அவளுக்கு யாருமில்லை.

தந்தி கண்டு சிங்கப்பூரிலிருந்து முதல் ரயிலில் வந்திருந்த அவள் அண்ணன் ஜெயபாலன் பாடையைக் கட்டி முடித்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒருத்தன். மூட்டை எறக்குறவங்க ரெண்டு பேரு. கடைப்பையன் வேலு கொள்ளிச்சட்டி புடிக்கணும். ஒரு தோளு கொறையுது ராஜம்மா. மாட்டு வண்டில வச்சிக்கிட்டுப் போலாமா?"

"அவரு என்ன அரிசி மூட்டையாண்ணே?"

இத்தனை நாள் ஊர் ஒதுக்கியதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். கடைசி வழியிலும் அவர் அநாதையாகப் போவதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

அப்போது வேலு வாசலிலிருந்து வந்தான்.

"அக்கா, ரோட்டுக்கு அந்தாண்ட ரெண்டு மோட்டார் நிக்குது. மொதலாளியோட கழகத்து ஆளுங்க. ரொம்ப நேரமா மரத்தடியிலயே நிக்கிறாங்க."

"உள்ள வரலையா?"

"வெளியாளுங்க வந்தா நமக்கு ஆவாதோன்னு தயங்குறாங்க. கூப்பிட்டா வருவாங்க போல. சாவு வீட்டுக்கு எப்படிக்கா வாங்கன்னு கூப்பிடுறது?"

அதுதான் சங்கடம். துக்க வீட்டுக்கு அழைப்பு கிடையாது, வரவேற்பும் கிடையாது. வருகிறவர்கள் தாமாக வரவேண்டும், போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போகவேண்டும். வாயால் வாங்க என்றால் இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி. அதிலும் செத்தவரின் பெண்டாட்டியே வீதியில் இறங்கிப் போய்க் கூப்பிடுவதென்றால்?

ராஜம்மா எழுந்தாள். அவிழ்ந்த தலையோடு ரோட்டைக் கடந்தாள்.

மருந்துக்கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரர், அச்சகம் நடத்தும் மலாய்க்காரர், அன்னாசிப்பழ ஆலைச் சீன முதலாளியான தவுக்கே என மூன்று பேரும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சந்தையில் பேசுகிற மலாய்தான்.

"மாசோக், தவுக்கே," என்று வீட்டைக் காட்டினாள். "எல்லாரும் உள்ள வாங்க."

பிறகு தன் தோளைத் தொட்டுக்காட்டி, நாலு விரல்களை நீட்டி, ஒன்றை மடக்கினாள். தவுக்கே கொஞ்ச நேரம் அந்த விரலைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி மோட்டாருக்குள் போட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தார்.

அவர்கள் வீட்டுக்குள் நுழைவதை வீரமுத்து தன் கடையிலிருந்து பார்த்திருக்க வேண்டும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரருக்கு முதலில் ஒரு கும்பிடு, பிணத்துக்கு அப்புறம்.

"தங்கச்சி, என்ன இருந்தாலும் சதாசிவம் நம்ம ஆளு. முன்பக்கம் நான் புடிக்கிறேன். நான் புடிச்சா ஊரே பின்னால வரும்."

அதில் பொய்யில்லை. நாளைக்கும் அவள் இதே ஊரில், இதே எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டு இருந்தாக வேண்டும். ஆனால் அவர் கண் இன்னும் வெள்ளைக்காரர் மேலேயே இருந்தது. கழகத்தில் மளிகைக்காரர் இடம் காலியாகி ஒரு நாள்கூட ஆகவில்லை.

"அந்தத் தோளுக்கு ஆளு வந்தாச்சுண்ணே," என்றாள். "நீங்க பின்னால வாங்க."

தவுக்கே குனிந்து மூங்கிலைத் தோளில் ஏற்றினார். உயரம் பொருந்தாமல் பாடை ஒருபக்கம் சாய்ந்தது. ஜெயபாலன் சற்று முழங்காலை மடக்கிச் சரிசெய்துகொண்டார்.

வீரமுத்து பின்னாலேதான் வந்தார், வெள்ளைக்காரர் பக்கத்தில், அவருக்கு எதையோ விளக்கிக்கொண்டே. தலைவர் போவதைப் பார்த்ததும் கடைகளிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ரயிலடி முக்கு திரும்பும்போது கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போயிற்று. ஊரில் இத்தனை பெரிய ஊர்வலம் யாருக்கும் போனதில்லை. ராஜம்மா வாசற்படியில் நின்று கடைசி ஆள் மறையும்வரை பார்த்தாள்.

எதிர்வரிசை வீடுகளில் பெண்கள் கதவோரம் நின்று பார்த்தார்கள். யாரும் படியிறங்கவில்லை.

பிணம் போன வீட்டில் பெண்டாட்டியின் தலையில் முதல் குடத்தை மற்றப் பெண்கள்தான் ஊற்றுவார்கள். ராஜம்மா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவர்கள் வருவதற்காகத் தாழிடாமல் சாய்த்து வைத்திருந்த கொல்லைக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் கல்லுக்கு வந்தது. எழுந்து, வாளியை உள்ளே விட்டு, தானே இறைத்துத் தானே ஊற்றிக்கொண்டாள்.